பத்தாம் நம்பர் லயமும் சிவப்புக் குள்ளனும்

கரடிக்கல் தேயிலை எஸ்டேட்டில் கூட்டம் என்று யாராவது சொன்னால், ஒட்டு வீடுகளாக வரிசை கட்டி நிற்கும் பத்தாம் நம்பர் லயத்து ஆட்கள் முதலில் தேடுவது செருப்பை அல்ல, டின்னை. பிஸ்கட் டின், பால்பவுடர் டின், மூடி போன டின்னுக்கு மேலே ரப்பர் பேண்ட். உள்ளே ரேஷன் கார்டு, ஆதார், கொழும்பில் கொடுத்த பாஸ்போர்ட், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, செத்தவர்களின் சர்ட்டிபிகேட், இருப்பவர்களின் போட்டோ. போலியோ சொட்டு மருந்துக்குக் கூப்பிட்டாலும் டின்னோடுதான் போவார்கள். கண் பரிசோதனை முகாமில் டாக்டர் "எழுத்தைப் படிங்க" என்றதும் டின்னைத் திறந்து பாஸ்போர்ட்டை நீட்டியவர்கூட உண்டு.

சிரிக்க வேண்டாம். தெய்வம்மாவிடம் சிரித்தால் அடி விழும். இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், ஒன்பது வயதில் அவள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது, அவர்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற ஒரு குடும்பத்திடம் ஒரு காகிதம் குறைந்தது. அவர்கள் மூன்று நாள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தெய்வம்மாவின் அம்மா கையில் டின் இருந்தது, ஒரு மணி நேரத்தில் சோறு கிடைத்தது. அன்றைக்குக் கற்றதை அவள் மறக்கவில்லை. மனிதனுக்கு இரண்டு கை எதற்கு? ஒன்று வேலைக்கு, ஒன்று டின்னுக்கு.

இப்போது தெய்வம்மாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. அதில் ஒன்பது வருடம் இலங்கையில் போயிற்று. பத்து வருடம் இங்கே வந்து பள்ளிக்கூடம், அம்மை, அடுப்படி என்று போயிற்று. முப்பத்தொன்பது வருடம் கொழுந்து பறித்தாள். மிச்சம் ஒரு வருடம் ரிட்டயர் ஆன ஆளாக இருக்கிறாள். அட்டைப்பூச்சி கடிக்காத இடம் உடம்பில் எங்கே என்று கேட்டால் யோசித்துச் சொல்வாள். புருஷன் பரமசிவன் ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் வேலை பார்த்தார். கொரோனா வருடத்தில் காய்ச்சல் கண்டு ஆறே நாளில் போய்ச் சேர்ந்தார். "இருந்தப்பயும் சொல்லிட்டுப் போனதில்ல, போனப்பயும் சொல்லிட்டுப் போகல" என்பாள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், அதையும் மறைக்க மாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் லயத்துக் கதவுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஃபீல்டு ஆபீசர் ராஜசேகர் கையெழுத்து. "பத்தாம் நம்பர் லயம் ஆய்வு செய்யப்பட்டது. பின்புறச் சுவரில் நிரந்தர ஈரம். போதிய வெளிச்சம் இன்மை. குடிநீர் தொலைவில் உள்ளது. ஆகவே மனிதர் வாழத் தகுதியற்றது. முப்பது நாட்களுக்குள் காலி செய்யவும்." வேலையில் இருப்பவர்களுக்கு ஐந்தாம் நம்பர் லயத்தில் இடம் உண்டு என்று கீழே ஒரு வரி இருந்தது. ரிட்டயர் ஆனவர்களுக்கு என்ன என்று எந்த வரியும் இல்லை. தெய்வம்மா நோட்டீஸைத் திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம் பசைதான் இருந்தது.

மகள் ரஞ்சனி திருப்பூரில் இருக்கிறாள். ஒரு ரூம், ஒரு புருஷன், இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மெஷின். போனில் "வந்துரும்மா, எப்படியாவது படுத்துக்கலாம்" என்றாள். அந்த எப்படியாவது என்றால் தையல் மெஷினுக்கு அடியில் என்று தெய்வம்மாவுக்குத் தெரியும். மகள் மேல் கோபமில்லை. ஆனால் போனை வைத்த பிறகு டின்னை மூன்று தடவை திறந்து மூடினாள். பயம்தான், வேறென்ன. கப்பலில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்த அதே பயம், ஐம்பது வருடம் கழித்து விலாசம் கேட்டுக்கொண்டு வந்திருந்தது.

சனிக்கிழமை ஆபீஸ் போர்டில் இன்னொரு காகிதம். "ஞாயிறு காலை பதினோரு மணிக்குத் தொழிலாளர் மன்றத்தில் கூட்டம். அனைவரும் வரவும்." அவ்வளவுதான். எதற்குக் கூட்டம் என்று எழுதினால் ஆபீஸின் கௌரவம் என்னாவது? நோட்டீஸ் வெள்ளிக்கிழமை, கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. லயத்து ஆட்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. வீடு கொடுக்கப்போகிறார்கள், அல்லது எங்கேயோ ஏற்றி அனுப்பப்போகிறார்கள். இரண்டுக்கும் டின் வேண்டும்.

பதினோரு மணிக்கு மன்றத்தில் இருபத்து மூன்று டின்கள் உட்கார்ந்திருந்தன, பின்னால் அவற்றின் சொந்தக்காரர்கள்.

முன்னால் ஜீன்ஸும் ஸ்வெட்டரும் போட்ட ஒரு பெண் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பெயர் வாசுகி. நட்சத்திரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். விடுமுறை நாட்களில் வேனில் புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு மலை ஊர்களுக்குப் போய் அறிவியல் பேசும் ஒரு குழுவில் இருந்தாள். எஸ்டேட் மேனேஜருக்கு யாரோ சொல்லி, அவர் ராஜசேகரிடம் சொல்லி, ராஜசேகர் போர்டில் பாதியை எழுதியிருந்தார். வெளிச்சத்தை மறைக்க ஜன்னல்களில் படங்குகளைத் தொங்கவிட்டார்கள். கொழுந்து பறிக்கும்போது பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்கிற தடித்த துணி அது. ஈர இலை வாசம் அரங்கம் முழுக்க அடித்தது. ராஜசேகர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

வாசுகிக்கு டின்களைப் பார்த்ததும் மனசு நிறைந்துபோயிற்று. "எல்லாரும் மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்துட்டீங்களா? சந்தோஷம், நிதானமாப் பேசலாம்" என்றாள். அடுத்த நொடி திரையில் ஒரு படம் வந்தது. சிவந்த வானம், கருகிய பாறைகள், ஒரு புல் பூண்டு இல்லை.

முன்வரிசையில் இருந்த கருப்பம்மா நெஞ்சில் கை வைத்தாள். அவளும் ரிட்டயர் ஆனவள், அவள் குடியிருக்கும் ஒற்றையறைக் காம்பராவும் பத்தாம் நம்பரில்தான். "அடி தெய்வம்மா, இங்கயாடி போகச் சொல்றானுங்க?"

"இருடி" என்றாள் தெய்வம்மா. "முதல்ல தண்ணி வசதி கேப்போம்."

வாசுகி பதறிப்போனாள். "ஐயோ, இல்லம்மா. அங்க யாரும் போகவே முடியாது. இது வேற ஒரு நட்சத்திரத்தைச் சுத்துற கிரகம். ஓவியர் கற்பனையா வரைஞ்சது. வெளிச்சமே அங்கருந்து இங்க வர நாப்பது வருஷம் ஆகும்."

விஷயம் புரிந்ததும் அரங்கத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அதில் பாதி நிம்மதி, பாதி எரிச்சல். நாலைந்து பேர் எழுந்து போகப் பார்த்தார்கள். கூட்டம் முடிந்ததும் டீயும் பன்னும் உண்டு என்று கேன்டீன் செல்லதுரை வாசலிலிருந்து கத்தினான். உட்கார்ந்துவிட்டார்கள்.

வாசுகி நன்றாகத்தான் பேசினாள். நம் சூரியன் மாதிரி நட்சத்திரங்கள் குறைவு, வானத்தில் நாலுக்கு மூன்று சிறிசு, மங்கலானது, சிவப்பானது. அதற்குச் சிவப்புக் குள்ளன் என்று பெயர் என்றாள். எல்லோரும் திரும்பி வெற்றிலை வாயோடு வாசலில் நின்ற செல்லதுரையைப் பார்த்தார்கள். நாலரை அடி செல்லதுரை "ஏன், என்னைய எதுக்கு இதுல இழுக்குறீங்க" என்றான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்த நட்சத்திரம் சிக்கனமாக எரிவதால் நம் சூரியன் அணைந்த பிறகும் கோடி கோடி வருடம் எரிந்துகொண்டிருக்கும், ஆனால் சூடு குறைவு, அதனால் கிரகம் குளிர்காய்கிற மாதிரி ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டும், அங்கே ஒரு வருடம் என்பது நமக்குப் பத்து நாள்தான் என்றும் சொன்னாள்.

"பத்து நாளைக்கு ஒரு வருஷமா?" தெய்வம்மா விரலை மடக்கினாள். "அப்ப அம்பத்தெட்டு வயசுன்னா அறுநூறு நாள்கூட இல்லையே. நடக்கப் பழகுறதுக்குள்ள ரிட்டயர் பண்ணி அனுப்பிருவான் போல."

வாசுகி வாய்விட்டுச் சிரித்தாள். ராஜசேகர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிவிட்டு மறுபடி கவிழ்ந்துகொண்டார்.

அப்புறம் முக்கியமான இடத்துக்கு வந்தாள். அவ்வளவு பக்கத்தில் சுற்றுகிற கிரகம் ஒரே முகத்தைத்தான் நட்சத்திரத்துக்குக் காட்டும். நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுகிற மாதிரி. ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இருட்டு.

"எப்பவும் பகல்னா சாயந்திரச் சங்கு எப்ப ஊதுவாங்க?" என்று கருப்பம்மா கேட்டாள்.

"ஊதவே மாட்டாங்க. மேனேஜருக்குக் கொண்டாட்டம்தான்" என்றாள் தெய்வம்மா.

வாசுகி விடவில்லை. பகல் பக்கம் வெந்துபோகலாம், இருட்டுப் பக்கம் உறைந்துபோகலாம், ஆனால் இரண்டுக்கும் நடுவில் வளையம் மாதிரி ஒரு இடம் இருக்கும். அங்கே சூரியன் எப்போதும் மலை விளிம்பில் நிற்கும். ஓயாத அந்தி. காற்று இருந்தால் இந்தப் பக்கச் சூட்டை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சமன் செய்யும், தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், ஏதாவது உயிர் பிழைக்கலாம். செடிகள் இருந்தால், கிடைக்கிற மங்கல் வெளிச்சத்தை முழுசாகக் குடிக்கக் கறுப்பாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தக் குள்ளனுக்குக் கோபம் அதிகம். இளமையில் அடிக்கடி தீப்பிழம்பை வாரி இறைக்கும், அதில் கிரகத்தின் காற்றே பறந்துபோகலாம்.

"அப்ப பொழைக்க முடியுமா, முடியாதா? ஒண்ணு சொல்லு பாப்பா" என்றாள் தெய்வம்மா. இப்போது அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"தெரியலம்மா. பெரிய தொலைநோக்கியை வெச்சுப் பார்த்துக்கிட்டிருக்கோம். சிலதுல காத்து இருக்கிற மாதிரித் தெரியல. சிலது இன்னும் புரியல. வெளிச்சம் கம்மி, ஒரு பக்கம் இருட்டு, தண்ணி எங்கேன்னு தெரியல, இதெல்லாம் இருந்தாலும் அதை ஒதுக்கிட மாட்டோம். நல்லாப் பார்க்காம வாழத் தகுதியில்லைன்னு யாரும் எழுதிட முடியாது. எழுதினா மத்தவங்க கிழிச்சிருவாங்க."

தெய்வம்மா டின்னைத் திறந்தாள். மேலாக இருந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"இதைக் கொஞ்சம் படி. இதுவும் ஒரு கெரகம்தான்."

வாசுகி புரொஜெக்டர் வெளிச்சத்தில் பிடித்து உரக்கப் படித்தாள். நிரந்தர ஈரம் என்று படித்ததும் முகம் மலர்ந்தது. "ஈரம் இருக்கா? நிரந்தரமாவா? அம்மா, இப்படி ஒண்ணு எங்களுக்குக் கிடைச்சா நாங்க விடவே மாட்டோம்." அரங்கம் வெடித்துச் சிரித்தது. மேலே படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. காலி செய்யவும் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். "இது என்னம்மா?"

"எங்க ஊடு."

பிறகு தெய்வம்மா ராஜசேகர் பக்கம் திரும்பினாள். "ஐயா, ஆய்வு செய்யப்பட்டதுன்னு போட்டிருக்கு. யாரு வந்து பார்த்தது? நாங்க இருபத்து மூணு ஊடு இருக்கோம், ஒருத்தர் கண்ணுலயும் படலையே. இந்தப் பாப்பாவாச்சும் கண்ணாடி வெச்சுப் பார்க்குது. நீங்க எதை வெச்சுப் பார்த்தீங்க?"

ராஜசேகர் கெட்டவர் அல்ல. கோயம்புத்தூர்க்காரர், மரியாதை தெரிந்தவர், யாரையும் அதட்டிப் பேசாதவர். மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்டார்கள். மழை பெய்தது. லயம் மேட்டில் இருக்கிறது. ஆபீஸில் ஹீட்டர் இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முந்தைய பழைய ஃபைலைப் பார்த்து எழுதிவிட்டார். "ஏனுங்கக்கா, கூட்டத்துல வெச்சுக் கேட்டா எப்படிங்க" என்று எழுந்தவர், இருபத்து மூன்று டின்களும் தன்னையே பார்ப்பதைக் கண்டார். "செரிங்க, இப்பவே வாரனுங்க. பார்த்துப்போடலாம்" என்றார்.

டீயையும் பன்னையும் கையில் வைத்துக்கொண்டே ஊர்வலம் மேடு ஏறியது. முன்னால் ராஜசேகர், அவர் பின்னால் வாசுகி, அவள் பின்னால் டின்கள். வழியில் ஒரு அட்டை ராஜசேகரின் சாக்ஸுக்குள் நுழைந்தது. யாரும் சொல்லவில்லை.

தெய்வம்மாவின் காம்பராவுக்கு வாசல் நிலை தாழ்வு. ராஜசேகர் நெற்றியை இடித்துக்கொண்டு உள்ளே போனார். பின்சுவர் மலையில் ஒட்டியிருந்தது. அதில் பாசி பச்சைக் கம்பளியாகப் படர்ந்திருந்தது. அந்தப் பக்கம் வெயில் என்பதே கிடையாது. முன்பக்கம் பதினோரு மணியிலிருந்து இரண்டரை வரைக்கும் வெயில், வந்தால் தகரத்தைச் சுட்டுவிடும். கட்டில், அரிசி டிரம், பரமசிவன் போட்டோ, டிவி, துணி காயும் கொடி எல்லாம் இரண்டுக்கும் நடுவில் ஆறடி அகலத்துக்குள் இருந்தன. வருடா வருடம் ஒரு சாமானாக நகர்த்தி, எங்கே வைத்தால் பூஞ்சை பிடிக்காது, எங்கே வைத்தால் வெந்துபோகாது என்று பார்த்துப் பார்த்து அவள் கண்டுபிடித்த இடம்.

வாசுகி நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "அம்மா, நான் சொன்ன அந்த வளையம்... அப்படியே இருக்கு" என்று செல்போனை எடுத்தாள்.

"போட்டோ எல்லாம் வேணாம்" என்றாள் தெய்வம்மா. "அதிசயம் ஒண்ணுமில்ல. வேற வழியில்லாம வாழ்ந்தது."

வாசுகி செல்போனை உள்ளே வைத்துக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

ராஜசேகர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் தண்ணீர் வந்தது. அவருக்கு ஒரு பிடி கிடைத்த மாதிரி இருந்தது. "ஏனுங்கக்கா, தப்பா நெனைக்காதீங்க. நான் எழுதினது பொய்யில்லைங்களே. இதுல எப்படிங்க மனுசன் இருக்கறது? உங்க நல்லதுக்குத்தானுங்க."

இதற்குத் தெய்வம்மா சத்தம் போடுவாள் என்று வாசலில் நின்றவர்கள் எதிர்பார்த்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். டின்னை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொய்யின்னு நான் சொல்லலீங்க ஐயா. இந்தச் சுவரு நான் கல்யாணமாகி வந்த அன்னைக்கே ஈரம். என் மக பொறந்தப்ப இதே ஈரத்துலதான் துணி காயப்போட்டேன். எழுதி எழுதிக் கொடுத்தோம், யாரும் வரல. முப்பத்தொம்பது வருசம் நான் கொழுந்து பறிச்சேன், அத்தனை வருசமும் இது வாழத் தகுந்த எடமாத்தான் இருந்துச்சு. நான் கூடையை எறக்கி வெச்சு ஒரு வருசத்துல எப்படிங்க தகுதியில்லாமப் போச்சு? சுவரு மாறலையே. நான்தானே மாறிட்டேன்."

அவள் குரல் கடைசியில் உடைந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. கருப்பம்மா வாசலில் நின்று மூக்கைச் சிந்தினாள். ராஜசேகர் அந்த நேரம் பார்த்து சாக்ஸுக்குள் கையை விட்டு, ரத்தம் குடித்துப் பருத்த அட்டையைப் பிய்த்து எடுத்தார். தெய்வம்மா எழுந்து உப்பு ஜாடியை நகர்த்திக் கொடுத்தாள்.

உப்பைத் தேய்த்துக்கொண்டே அவர் நோட்டீஸை வாங்கினார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் கையெழுத்துக்குக் கீழேயே எழுதினார்: "நேரில் ஆய்வு செய்யாமல் எழுதப்பட்டது. மறு ஆய்வு முடியும்வரை யாரும் காலி செய்யத் தேவையில்லை. ரிட்டயர் ஆனவர்களுக்கும் இது பொருந்தும்." கடைசி வரியைத் தெய்வம்மா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத்தான் எழுதினார். வாசுகியைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னாள். வாசுகி தன் பெயருக்குக் கீழே தன் படிப்பு பூராவையும் எழுதினாள், ரெண்டு வரி போயிற்று.

வேன் கிளம்பும்போது தெய்வம்மா ஜன்னல் பக்கம் போனாள். "உண்மையைச் சொல்லு பாப்பா. அங்க ஏதாச்சும் இருக்குமா?"

"இருக்கணும்னு ஆசையா இருக்கும்மா. ஆனா தெரியாது."

"இருந்துச்சுன்னா, போய்க் காலி பண்ணச் சொல்லிராதீங்க."

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. மறு ஆய்வுக் குழு இன்னும் வரவில்லை. மழை, ஆள் பற்றாக்குறை, ஜீப் ரிப்பேர் என்று ஆபீஸில் காரணம் சொல்கிறார்கள். ராஜசேகர் ஒருநாள் தானாகவே வந்து பின்சுவருக்குத் தார்ப்பாய் கொடுத்துவிட்டு, நெற்றியை மறுபடி இடித்துக்கொண்டு போனார். வாசுகி மாதம் ஒருமுறை போன் செய்கிறாள். கிரகம் என்னாச்சு என்று தெய்வம்மா கேட்பாள், இன்னும் தெரியலம்மா என்பாள் அவள். லயம் என்னாச்சு என்று வாசுகி கேட்பாள், இன்னும் தெரியல பாப்பா என்பாள் இவள். போனை வைத்துவிட்டுத் தெய்வம்மா நோட்டீஸை எடுத்து ஒருமுறை படித்து, மடித்து, பாஸ்போர்ட்டுக்கும் பரமசிவன் சர்ட்டிபிகேட்டுக்கும் நடுவில் வைத்து மூடுவாள். பிறகு உலை வைக்கப் போவாள், ஏனென்றால் கிரகம், லயம் இரண்டில் ஒன்றிலாவது ஆள் இருக்கிறது, அதற்குப் பசிக்கிறது.